மே தினக் காலையில் ஒரு நியூயார்க் ரேடியோ: டபிள்யூகேசிஆர் 89.9 எஃப்எம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது செய்தி ரேடியோ கிடையாது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் எஃப்எம், அலைவரிசை 89.9. விளம்பரம் இல்லை, கேட்பவர்கள் கொடுக்கும் நன்கொடையில் ஓடுகிறது, இணையத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் சும்மா கேட்கலாம். நான் இதைப் பிடித்ததே ஜாஸுக்காகத்தான். அங்கே வார நாட்களில் காலை எட்டு மணிக்கு மேல் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கருக்கென்றே ஒரு நிகழ்ச்சி உண்டு, நமக்கு அது சாயங்காலம், வேலை முடிந்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம். ஃபில் ஷாப் என்று ஒருவர் பல பத்தாண்டுகள் அதை நடத்தினார். ஒரு ரெக்கார்டிங் எந்தத் தேதியில் நடந்தது, யார் யார் வாசித்தார்கள் என்று ஆரம்பித்தாரென்றால் நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிடும், பாட்டு வராது. 2021-இல் காலமாகிவிட்டார். அவர் பேசியதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த ரேடியோ மேல் ஒரு நம்பிக்கை வந்திருந்தது, தேதியில் இவ்வளவு கண்டிப்பான ஆட்கள் வேறு எதிலும் அலட்சியமாக இருக்க மாட்டார்கள் என்று. அது சரியான கணக்கா என்றால், கிட்டத்தட்ட சரி.

செய்திக்காக இதை நான் உட்கார்ந்து கேட்டது ஒரே ஒரு காலை. 2024 மே 1, மே தின லீவு, திருச்சியில் அக்கா வீடு. நம் ஊரில் ஏப்ரல் 19-லேயே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டு ரிசல்ட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் காத்துக்கிடந்த சமயம், டிவிக்காரர்களுக்கும் பேச ஏதாவது வேண்டும். காலை ஏழு மணி இருக்கும். ஹாலில் அத்தான் டிவியைப் போட்டிருந்தார். ஹெல்மெட் போட்ட போலீஸ் வரிசை, கீழே சிவப்புப் பட்டை, அமெரிக்கப் பல்கலையில் கலவரம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா மகள் எம்எஸ் படிக்க அமெரிக்கா போக வேண்டும் என்று அப்போதுதான் பேச்சை எடுத்திருந்தாள்.

"மாப்ள, இந்த ஊருக்கா புள்ளையை அனுப்பச் சொல்ற? வெளியாளுங்க பூந்துட்டானுங்களாம்" என்றார் அத்தான்.

"இருங்க அத்தான், அந்தக் காலேஜ் பசங்களே ரேடியோ வச்சிருக்காங்க, கேட்டுப் பாப்போம்" என்று போனை எடுத்தேன்.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். ஏப்ரல் 17 அன்று, பல்கலைக்கழகத் தலைவர் மினூஷ் ஷஃபீக் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு முன்னால் பதில் சொல்லிக்கொண்டிருந்த அதே நாளில், காசா போரை எதிர்த்து மாணவர்கள் புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். அடுத்த நாளே போலீஸ் வந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்தது. பக்கத்துப் புல்வெளியில் மறுபடி கூடாரம் முளைத்தது. ஏப்ரல் 30 விடியற்காலையில் ஒரு குழு ஹேமில்டன் ஹால் என்ற வகுப்பறைக் கட்டிடத்துக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு, காசாவில் கொல்லப்பட்ட ஹிந்த் ரஜப் என்ற சிறுமியின் பெயரைக் கட்டிடத்துக்கு வைத்தது. அன்று ராத்திரி ஒன்பது மணி வாக்கில், நமக்கு மே 1 காலை ஆறரை, போலீஸ் உள்ளே இறங்கியது. அதற்கு முன்பே ஒரு காரியம் நடந்திருந்தது. வளாகத்துக்குள் விடுதியில் இருக்கும் மாணவர்களையும் அத்தியாவசிய ஊழியர்களையும் தவிர யாருக்கும் அனுமதி இல்லை என்று கேட்டைச் சாத்திவிட்டார்கள். வெளி நிருபர்கள் எல்லோரும் தெருவில். உள்ளே இருந்த நிருபர்கள் யாரென்றால் மாணவர்கள் மட்டும்தான், அதாவது இந்த ரேடியோவும், 1877-இலிருந்து வரும் கொலம்பியா ஸ்பெக்டேட்டர் என்ற மாணவர் பத்திரிகையும், இதழியல் பள்ளிப் பிள்ளைகளும்.

சரி, ரேடியோவுக்கு வருவோம். கேட்டதும் முதலில் உறைத்தது அந்தக் குரல்களின் நிதானம். ஸ்டுடியோவில் ஒருவர், வெளியே ஆளுக்கொரு மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு சிலர். போலீஸ் வரிசை இப்போது எந்தத் தெருமுனையில் நிற்கிறது, எத்தனை பஸ் வந்து நிற்கிறது, எந்தக் கதவு வழியாக மாணவர்களைத் தள்ளுகிறார்கள், இதுதான் பேச்சு. கிரிக்கெட் கமென்ட்ரி கேட்டு வளர்ந்தவனுக்கு இது பிடிபட நேரம் ஆகாது, பந்து எங்கே போனது என்று சொன்னால் போதும், பேட்ஸ்மேன் மனதில் என்ன ஓடுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பார்த்ததைப் பார்த்தேன் என்கிறார்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டோம், இன்னும் உறுதியாகவில்லை என்கிறார்கள். பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள், தங்கள் விடுதி வாசலிலேயே தடுப்பு வேலி போட்டிருக்கிறது, குரலில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது, ஆனால் வாக்கியம் நடுங்கவில்லை. அதே நேரம் ஹாலில் டிவியில் நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து, நியூயார்க்கைப் பார்த்தே இராத ஒருவர் உட்பட, இதன் பின்னணியில் யார் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் நடுவில் வால்யூமைக் குறைத்துவிட்டு என் போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார், அவருக்கு அந்த இங்கிலீஷ் பாதிதான் புரியும், இருந்தாலும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி உலகம் முழுக்க ஆட்கள் வந்து மொய்த்ததில் இவர்களுடைய இணையதளமே படுத்துவிட்டது. எஃப்எம் பெட்டி வைத்திருந்த நியூயார்க்காரர்களுக்குக் கவலை இல்லை, மற்றவர்களுக்குத்தான் பாடு. அப்புறம் இவர்கள் பேசுவது அந்த வளாகத்தில் வாழ்பவர்களுக்கு. ஆம்ஸ்டர்டாம் அவென்யூ, 114-ஆம் தெரு, பட்லர் என்று பெயர்களைத் தட்டிக்கொண்டே போவார்கள், பட்லர் என்பது நூலகம் என்று எனக்குத் தெரிவதற்குள் அடுத்த மூன்று செய்தி ஓடிவிட்டது. வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் திறந்துவைக்காமல் கேட்டால் காட்டில் விட்ட மாதிரிதான். இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு, அது இவர்கள் தப்பு இல்லை. கடைசியில் போலீஸ் இவர்களையும் விடவில்லை, நிருபர் அட்டை தொங்கிய மாணவர்களையும் சேர்த்தே வெளியே தள்ளியது, சிலரை இதழியல் பள்ளி இருக்கும் புலிட்சர் ஹால் கட்டிடத்துக்குள்ளேயே இருக்கும்படியும் வெளியே வந்தால் கைது என்றும் சொன்னது. பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசின் நிர்வாகம் நடப்பதே இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் என்பது தனிக் கூத்து. ஆகவே ஒரு கவச வண்டியில் பாலம் போல ஏணியை நீட்டி மாடி ஜன்னல் வழியாக ஹேமில்டன் ஹாலுக்குள் போலீஸ் ஏறியதைத் தூரத்திலிருந்து எல்லோரும் பார்த்தார்கள், உள்ளே என்ன நடந்தது என்பதை எந்த நிருபரும் பார்க்கவில்லை.

உள்ளே நடந்ததை யார் சொன்னார்கள்? போலீஸே சொன்னது. பின்னணி இசையெல்லாம் போட்டு, சினிமா டிரெய்லர் மாதிரி வெட்டி ஒட்டி ஒரு வீடியோவைப் போலீஸ் தரப்பே வெளியிட்டது. மறுநாள் காலை எம்எஸ்என்பிசி என்ற அமெரிக்கச் செய்தி சேனலில் நியூயார்க் போலீஸின் செய்தித் துறை துணை ஆணையர் ஒரு கனமான சங்கிலியையும் பூட்டையும் தூக்கிக் காட்டினார். கதவில் இதைத்தான் போட்டிருந்தார்கள், மாணவர்கள் காலேஜுக்குக் கொண்டுவரும் சாமானா இது, வெளியிலிருந்து வந்த கைதேர்ந்த ஆட்களின் வேலை என்பது போலப் பேச்சு. அந்தப் பூட்டு கிரிப்டோனைட் என்ற கம்பெனி சைக்கிள் பூட்டு. சைக்கிள் திருட்டு ஜாஸ்தி என்பதால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புத் துறையே அதே பூட்டை மாணவர்களுக்குத் தள்ளுபடி விலையில் விற்றுவந்திருக்கிறது, அவர்கள் இணையப் பக்கத்திலேயே படம் இருந்தது. இதைச் சில மணி நேரத்தில் சமூக வலைதளத்தில் ஆட்கள் கண்டுபிடித்துப் போட்டுவிட்டார்கள். பூட்டைக் காட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான், இது எங்கே விற்கிறது. எந்த ஹார்டுவேர் கடைக்காரரும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். இன்னொரு அதிகாரி, பயங்கரவாதம் பற்றிய அறிமுக நூல் ஒன்று கட்டிடத்தில் கிடைத்தது என்று காட்டினார். ஆக்ஸ்போர்டு பதிப்பகம் போட்ட, பாடத்துக்குப் படிக்கும் சின்னப் புத்தகம் அது. பல்கலைக்கழகக் கட்டிடத்தில் புத்தகம் கிடைத்தது என்பதும் செய்தியானது.

வெளியாட்கள் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அத்தான் பிடித்துக்கொண்டது அதைத்தான். அப்போதைய நியூயார்க் மேயர் எரிக் ஆடம்ஸும் அதைத்தான் சொன்னார். பல்கலைக்கழகத் தலைவர் போலீஸுக்கு எழுதிய கடிதத்திலும், உள்ளே மாணவர்களும் இருக்கிறார்கள், ஆனால் வழிநடத்துவது வெளியாட்கள் என்று நம்புகிறோம் என்று இருந்தது. பிறகு போலீஸே கொடுத்த கணக்கு: கொலம்பியாவிலும் சுற்றிலும் கைதான 112 பேரில் சுமார் 29 சதவீதம் பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாதவர்கள். அதே ராத்திரி நியூயார்க்கிலேயே இன்னொரு கல்லூரியான சிட்டி காலேஜில் கைதான 170 பேரில் சுமார் 60 சதவீதம் அப்படி. இந்த எண்ணை வைத்து எந்தத் தலைப்பு வேண்டுமானாலும் போடலாம். மூன்றில் ஒரு பங்கு வெளியாட்கள் என்று போடலாம், பத்தில் ஏழு பேர் உள்ளாட்கள் என்றும் போடலாம், இரண்டும் பொய் இல்லை. ஆனால் கைது செய்யுமுன் சொன்ன கதைக்கும் கைது செய்த பிறகு வந்த எண்ணுக்கும் நடுவே இருந்த இரண்டு நாளில் எத்தனை சேனல் அந்தக் கதையை நிருபரின் சொந்த வாக்கியமாகவே, போலீஸ் சொல்கிறது என்ற ஒட்டு கூட இல்லாமல், ஓட்டியது என்பதுதான் கேள்வி. பயங்கரவாத வழக்கில் தண்டனை பெற்றவரின் மனைவி அங்கே இருந்தார் என்று மேயர் வேறு ஆதாரம் காட்டினார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, சில நாள் முன்னால் கூடாரங்களைப் பார்க்க வந்துவிட்டுப் போனவர், அந்த ராத்திரி அங்கே இல்லவே இல்லை.

நமக்கு இந்த வரிகள் புதிதில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் ஆறு நாள் மாணவர் போராட்டம் என்று கொண்டாடிய வாய்களே ஏழாம் நாள் காலையில் சமூக விரோதிகள் ஊடுருவல் என்றன. அத்தானிடம் இதைச் சொன்னேன். "அது வேற மாப்ள" என்றார். பேசாமல் காபியைக் குடித்தேன்.

ஆனால் எல்லாத் தப்பும் போலீஸ் பக்கம் சாய்ந்த தப்பு என்று எழுதிவிட்டுப் போனால் நானும் அந்த நாலு கட்டத்தில் ஒரு கட்டம் ஆகிவிடுவேன். யூத மாணவர்கள் பயந்தார்கள் என்பது பொய்யில்லை. வளாகத்து ரப்பி, அதாவது யூத மதகுரு, ஒருவர் பத்திரமாக வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று மாணவர்களுக்குச் செய்தி அனுப்பினார். ஸயனிஸ்டுகள், அதாவது யூதர்களுக்கென்று தனி நாடு வேண்டும் என்பவர்கள், வாழத் தகுதியற்றவர்கள் என்று முன்னால் நின்ற ஒரு மாணவரே ஜனவரியில் பேசிய வீடியோ வெளியே வந்தது. போராட்டத்துக்கு ஆதரவான சில தளங்கள் இதை ஓரமாக ஒரு வரியில் முடித்துக்கொண்டன, அதுவும் சாய்வுதான். இன்னொரு பக்கம், கூடாரத்துக்குள்ளேயே யூத மாணவர்கள் உட்கார்ந்து தங்கள் பாஸ்கா பண்டிகை விருந்து சாப்பிட்டார்கள், அதைக் காட்டாத சேனல்களும் இருந்தன. இதில் பலர் கோட்டைவிட்டது பிராட்வேயும் 116-ஆம் தெருவும் சேரும் இடத்தில் இருக்கும் அந்த இரும்புக் கேட்டை. காது கொடுத்துக் கேட்க முடியாத மோசமான கோஷங்களில் பல கேட்டுக்கு வெளியே நடைபாதையில் கூடிய ஆட்கள் போட்டவை, உள்ளே பெரும்பாலும் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து படித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தார்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கொலம்பியாவில் என்று எழுதிவிட்டால் கேட்டு மறைந்துவிடுகிறது. கேட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாமல் ரேடியோப் பிள்ளைகள் ஒரு வாக்கியம் பேசியதாக எனக்கு நினைவில்லை, அது அவர்கள் தினம் நடக்கும் கேட்டு.

இந்த ரேடியோவுக்கும் தெரியாமல் போன செய்தி ஒன்று உண்டு. அன்று ஹேமில்டன் ஹாலுக்குள் ஒரு போலீஸ் அதிகாரியின் துப்பாக்கி வெடித்தது. தவறுதலாக, யாருக்கும் அடியில்லை. அன்று ராத்திரி எங்கும் அது இல்லை, மறுநாள் போலீஸ் கூட்டிய பேட்டியிலும் இல்லை. மே 2 அன்று தி சிட்டி என்ற உள்ளூர்ச் செய்தித் தளம் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் விசாரித்து வெளியிட்ட பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. நேரடி ஒலிபரப்பால் எவ்வளவு முடியும் என்பதற்கு இது அளவுகோல். போனைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்பவருக்கு மூடிய கதவுக்குப் பின்னால் வெடித்த குண்டு தெரியாது, அதற்கு அடுத்த நாள் போன் போட்டு நச்சரிக்கும் வேறொரு ஆள் தேவை.

அதே நாள் மதியம், நமக்குச் சாப்பாட்டு நேரம், லாஸ் ஏஞ்சலிஸில் ராத்திரி. அங்கே யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக் கூடாரங்கள் மேல் எதிர்த்தரப்புக் கும்பல் ஒன்று கட்டையும் பட்டாசுமாக வந்து விழுந்தது, மணிக்கணக்கில் அடித்தது, போலீஸ் வந்தும் வெகுநேரம் குறுக்கே போகவில்லை. டெய்லி புரூயின் என்ற மாணவர் பத்திரிகையின் நிருபர்கள் நான்கு பேரைத் துரத்தி அடித்தார்கள். காலையில் பல பெரிய இடங்களில் தலைப்பு என்ன தெரியுமா, மோதல். நம் பத்திரிகைகளும் அதையே மொழிபெயர்த்துப் போட்டன, இரு தரப்பினரிடையே மோதல், பதற்றம், போலீஸ் குவிப்பு. மோதல் என்ற சொல்லுக்கு எழுவாய் தேவையில்லை, அதுதான் அதில் உள்ள வசதி. யார் யாரை அடித்தார் என்று எழுதினால் விசாரித்திருக்க வேண்டும். நம்மிடம் லேசான தடியடி என்று ஒன்று இருக்கிறதே, அதன் அண்ணன் இது. நியூயார்க் டைம்ஸ் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட வீடியோக்களை வரிசைப்படுத்திப் பார்த்து, அடித்தது பெரும்பாலும் எந்தத் தரப்பு, எத்தனை மணி நேரம் என்று விரிவாகவே போட்டது. நல்ல வேலை. ஆனால் அது வந்தபோது மோதல் என்ற சொல் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

டைம்ஸ் பற்றிச் சொன்னதும் இன்னொன்று. 1968-இலும் இதே ஹேமில்டன் ஹாலை மாணவர்கள் பிடித்தார்கள், அப்போதும் போலீஸ் இறங்கியது ஏப்ரல் 30 தான், கைது சுமார் 700. அந்தச் சமயத்தில் நியூயார்க் டைம்ஸ் பதிப்பாளர் சல்ஸ்பெர்கர் கொலம்பியா அறங்காவலர் குழுவிலும் உறுப்பினர். மாணவர்கள் அன்று அந்தப் பத்திரிகை மேல் கொண்ட சந்தேகத்துக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. அப்போதும் இதே ரேடியோ உள்ளிருந்து ஒலிபரப்பியது.

மதிப்பெண் கேட்டால், செய்தி தரும் சேவையாக ஐந்துக்கு நாலு. ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பது வெளியூர்க்காரனுக்கு எதையும் விளக்காமல் ஓடுவதற்காக. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு உள்ளே இருப்பவர்கள் ஹாஸ்டல் நண்பர்கள், அது குரலில் எங்காவது கசியாமல் இருக்காது, அதையும் மனதில் வைத்துத்தான் கேட்க வேண்டும், ஆனால் பூட்டைக் காட்டிக் கதை சொன்னவரின் குரலை விட அது ஒன்றும் ஒருபக்கமாக இல்லை. கேட்க நினைப்பவர்கள் வளாக வரைபடம் ஒன்றைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் ஜாஸ்தான், அதற்கு ஐந்துக்கு ஐந்து.

அக்கா மகள் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். கொலம்பியா இல்லை, வேறு ஊர், வேறு பல்கலைக்கழகம். போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் செகண்ட் ஹேண்ட் சைக்கிள் ஒன்று வாங்கி போட்டோ அனுப்பினாள், முன் சக்கரத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சங்கிலி. அத்தான் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டார். "மாப்ள, அன்னிக்கு அந்த போலீஸ்காரன் டிவியில தூக்கிக் காமிச்சானே, அந்தப் பூட்டுதானே இது?"